நானோவோல்ட்டைப் பிடிப்பது எப்படி: குறை இரைச்சல் ப்ரீஆம்ப் சுற்றுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இயற்பியல் ஆய்வகங்களில் அடிக்கடி கண்ணில் படும் பெட்டி ஒன்று உண்டு: ஸ்டான்ஃபோர்டு ரிசர்ச் சிஸ்டம்ஸின் எஸ்ஆர்560 என்ற ப்ரீஆம்ப், அதாவது சென்சாரின் சிறு சிக்னலை முதலில் பெருக்கும் முன்பெருக்கி. வருகிற சிக்னலை 50,000 மடங்கு வரை பெருக்கித் தரும். புதிதாக வருகிறவர்கள் அந்த 50,000-ஐப் பார்த்து வாயைப் பிளப்பார்கள். அதில் ஒன்றும் பெரிதாக இல்லை. கடையில் கிடைக்கும் சாதாரண ஆப்-ஆம்ப் இரண்டைத் தொடராகப் போட்டால் அந்தக் கெயின் வந்துவிடும். கவனிக்க வேண்டிய எண் வேறு: ரூட் ஹெர்ட்ஸுக்கு 4 நானோவோல்ட். உள்ளே எதுவுமே கொடுக்காதபோது அந்தப் பெட்டி தானாகப் போடும் சத்தம் அவ்வளவுதான். அந்த எண் எங்கிருந்து வருகிறது, அதைவிடக் கீழே போக வேண்டுமானால் சுற்றில் எங்கே கை வைக்க வேண்டும் என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம். ஓம் விதியும், ஆப்-ஆம்ப் என்றால் என்ன என்பதும் தெரிந்திருந்தால் போதும்.

படி 1: சென்சாரின் மின்தடையைக் கேளுங்கள்

"நல்ல ப்ரீஆம்ப் எது?" என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றே: உங்கள் சென்சாரின் மின்தடை எவ்வளவு? அது தெரியாமல் பதில் சொல்ல முடியாது.

காரணம், ரெசிஸ்டரே சத்தம் போடும். மின்கலம் வேண்டாம், மின்னோட்டம் வேண்டாம், மேசையில் சும்மா கிடந்தாலே போதும். உள்ளே எலக்ட்ரான்கள் வெப்பத்தால் அலைபாய்வதால் இரு முனைகளுக்கும் இடையே சிறு மின்னழுத்தம் தாறுமாறாக ஆடிக்கொண்டே இருக்கும். பெல் ஆய்வகத்தில் ஜான் ஜான்சன் இதை அளந்தார், ஹாரி நைக்விஸ்ட் அதற்குக் கணக்குக் கொடுத்தார். இரண்டு கட்டுரைகளும் 1928-இல் வெளிவந்தன. 4, போல்ட்ஸ்மன் மாறிலி, கெல்வினில் வெப்பநிலை, மின்தடை, பட்டை அகலம் (நாம் அளக்கும் அதிர்வெண் வரம்பு) ஆகிய ஐந்தையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் இரைச்சல் மின்னழுத்தம் வந்துவிடும். பட்டை அகலம் வர்க்கமூலத்துக்குள் உட்கார்ந்திருப்பதால்தான் "ரூட் ஹெர்ட்ஸுக்கு இவ்வளவு" என்ற விசித்திரமான அலகு. இனிமேல் வெறுமனே நானோவோல்ட் என்று எழுதினால் அந்த அர்த்தத்தில்தான்.

ஒவ்வொரு முறையும் கணக்குப் போட வேண்டியதில்லை. அறை வெப்பநிலையில் 1 கிலோ ஓம் என்றால் 4 நானோவோல்ட், 60 ஓம் என்றால் 1 நானோவோல்ட். இந்த இரண்டை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். மின்தடை நூறு மடங்கானால் இரைச்சல் பத்து மடங்கு. இப்போது எஸ்ஆர்560-இன் 4 நானோவோல்ட்டைத் திரும்பப் பாருங்கள். அது 1 கிலோ ஓமின் சத்தத்துக்குச் சமம். உங்கள் சென்சார் 10 கிலோ ஓம் என்றால் அதுவே 13 நானோவோல்ட் போடுகிறது, ப்ரீஆம்பைக் குறை சொல்லிப் பயனில்லை. 50 ஓம் என்றால் ப்ரீஆம்ப்தான் சிக்னலை மூழ்கடிக்கிறது.

இன்னொரு விஷயமும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரைச்சல்கள் நேராகக் கூடாது. வர்க்கித்து, கூட்டி, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். 4-உம் 1-உம் சேர்ந்தால் 5 அல்ல, 4.12. எனவே பெரியதை விட்டுவிட்டுச் சிறியதைச் சரிசெய்வது வீண் வேலை. இந்த ஒரு கணக்கை வைத்துத்தான் மொத்தச் சுற்றையும் அலசப்போகிறோம்.

படி 2: முதல் டிரான்சிஸ்டரைத் தேர்ந்தெடுங்கள்

முதல் நிலையின் கெயின் 20 என்று வைத்துக்கொண்டால், இரண்டாம் நிலை போடும் சத்தம் உள்ளீட்டில் பார்க்கும்போது இருபதில் ஒரு பங்குதான். தொடராக அமைந்த பெருக்கிகளுக்கு ஹெரால்டு ஃப்ரிஸ் 1944-இல் கொடுத்த சூத்திரமும் இதைத்தான் சொல்கிறது. ஆக, சண்டை முழுக்க வாசலிலேயே நடக்கிறது. வாசலில் நிற்கப்போவது மின்னோட்டத்தால் இயங்கும் இருமுனைய டிரான்சிஸ்டரா, மின்னழுத்தத்தால் இயங்கும் ஜேஃபெட் என்ற டிரான்சிஸ்டரா?

ஒவ்வொரு பெருக்கிக்கும் இரண்டு இரைச்சல்கள் உண்டு. ஒன்று மின்னழுத்த இரைச்சல், அது எப்போதும் இருக்கும். மற்றொன்று மின்னோட்ட இரைச்சல். இது சென்சாரின் மின்தடை வழியே பாய்ந்து மின்னழுத்தமாக மாறும்போதுதான் கடிக்கும். இருமுனைய டிரான்சிஸ்டரின் உள்ளீட்டு முனையான பேஸில் மின்னோட்டம் ஓடியே ஆக வேண்டும். மின்னோட்டம் என்பது தனித்தனி எலக்ட்ரான்களின் வரத்து. தகரக் கூரையில் மழைத்துளி விழுவதைப் போல அதற்கென்று ஒரு சடசடப்பு உண்டு. வால்டர் ஷாட்கி 1918-இலேயே விளக்கிய ஷாட் இரைச்சல் இதுதான். 1 மைக்ரோஆம்பியர் ஓடினால் ரூட் ஹெர்ட்ஸுக்கு 0.57 பிகோஆம்பியர். ஜேஃபெட்டின் உள்ளீட்டு முனையான கேட்டில் கசிவது பிகோஆம்பியர் கணக்குதான், சடசடப்பு கிட்டத்தட்ட இல்லை. பதிலுக்கு அதன் மின்னழுத்த இரைச்சல் பொதுவாகக் கொஞ்சம் அதிகம்.

எல்டி1028 என்ற ஆப்-ஆம்பை எடுத்துக்கொள்வோம். 0.85 நானோவோல்ட், 1 பிகோஆம்பியர். 50 ஓம் சென்சாருக்கு அருமையான துணை. அதே சிப்பை 100 கிலோ ஓம் சென்சாரோடு இணைத்தால் அந்த 1 பிகோஆம்பியர் 100 நானோவோல்ட்டாக வீங்கிவிடும். சென்சாரின் சொந்தச் சத்தமோ 41தான். அங்கே 5 நானோவோல்ட் போடும் சாதாரண ஜேஃபெட் ஆப்-ஆம்ப் எவ்வளவோ மேல். "உலகிலேயே அமைதியான சிப்" என்று விலை கொடுத்து வாங்கி ஏமாறுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

எந்தச் சென்சார் வரும் என்று முன்கூட்டியே தெரியாத பொதுப்பயன் ஆய்வகப் பெட்டிக்கு ஜேஃபெட்தான் பாதுகாப்பான தேர்வு. எஸ்ஆர்560-இன் வாசலிலும் அதுதான் நிற்கிறது. சென்சார் சில ஓம் மட்டுமே என்றால் வழி வேறு: முன்னால் ஒரு டிரான்ஸ்ஃபார்மர். 1-க்கு 10 சுற்று விகிதம் சிக்னலைப் பத்து மடங்காக்கும், 5 ஓமை 500 ஓமாகக் காட்டும்.

படி 3: ஜோடியை வரையுங்கள்

ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஜேஃபெட்களை அருகருகே வரைந்து, மின்னோட்டம் வெளியேறும் சோர்ஸ் முனைகள் இரண்டையும் சேர்த்துக் கீழே ஒரு நிலை மின்னோட்ட மூலத்துக்குக் கொண்டுபோங்கள். மின்னோட்டம் நுழையும் டிரெயின் முனைகள் ஒவ்வொன்றிலிருந்தும் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் மேலே பாசிட்டிவ் சப்ளைக்குப் போகட்டும். இரு டிரெயின்களும் ஓர் ஆப்-ஆம்பின் இரு உள்ளீடுகளுக்கும் போகட்டும். இடப்பக்கக் கேட்டில் சிக்னல், வலப்பக்கக் கேட்டில் பின்னூட்டம். ஆப்-ஆம்ப் வெளியீட்டிலிருந்து 990 ஓம் வலது கேட்டுக்கு, அங்கிருந்து 10 ஓம் கிரவுண்டுக்கு. கெயின் 100. சரி, சுற்றின் எலும்புக்கூடு இவ்வளவுதான்.

எல்எஸ்கே389 மாதிரி, ஒரே உறைக்குள் இரண்டு ஜேஃபெட்கள் பொருத்தமாக அமைந்த ஜோடியைப் பயன்படுத்துவதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் சுமார் 3 மில்லிஆம்பியர் ஓட விட்டால் டிரான்ஸ்கண்டக்டன்ஸ் (கேட் மின்னழுத்தம் ஒரு வோல்ட் மாறினால் டிரெயின் மின்னோட்டம் எவ்வளவு மாறும் என்ற அளவு) ஏறத்தாழ 20 மில்லிசீமன்ஸ் கிடைக்கும். ஜேஃபெட்டின் இரைச்சல், டிரான்ஸ்கண்டக்டன்ஸின் தலைகீழ் மதிப்பில் மூன்றில் இரண்டு பங்குள்ள ரெசிஸ்டர் போடும் சத்தத்துக்குச் சமம். இங்கே 33 ஓம், அதாவது 0.74 நானோவோல்ட். நடைமுறையில் 0.9 என்று எடுத்துக்கொள்ளலாம். அதிக மின்னோட்டம் ஓட்டினால் சத்தம் குறையும் என்பது இதிலிருந்தே தெரிகிறது. பெட்டி சூடாவதும் பேட்டரி சீக்கிரம் தீர்வதும் அதற்கான கூலி.

இப்போது கூட்டிப் பார்ப்போம். இரண்டு ஜேஃபெட்கள், தனித்தனிச் சத்தம்: 0.9-ஐ 1.41-ஆல் பெருக்கினால் 1.27. டிரெயின் ரெசிஸ்டர் ஒவ்வொன்றும் 4 நானோவோல்ட் போடுகிறது. ஆனால் நிலையின் கெயின் 20 (20 மில்லிசீமன்ஸ் × 1 கிலோ ஓம்) என்பதால் உள்ளீட்டுக் கணக்கில் 0.2, இரண்டும் சேர்ந்து 0.29. பின்னால் வரும் ஓபி27 போன்ற 3 நானோவோல்ட் ஆப்-ஆம்புக்கு 0.15. மொத்தம் 1.31. பாருங்கள், ஜோடியைத் தவிர மற்றதெல்லாம் சேர்ந்து 0.04தான் கூட்டியிருக்கிறது!

ஒற்றை ஜேஃபெட் போட்டால் 1.27 அல்ல, 0.9-ஆகவே இருக்குமே என்று தோன்றலாம். உண்மைதான். ஆனால் ஜோடி இருந்தால் மின்னோட்ட மூலத்தின் சத்தம் இருபுறமும் சமமாகப் பிரிந்து ரத்தாகிவிடும். வெப்பநிலை மாறினாலும் இரண்டும் சேர்ந்தே நகரும். ஆய்வகத்தில் இந்த நிம்மதிக்காக அந்த 1.41-ஐக் கொடுத்துவிடலாம் என்பது என் கருத்து. இன்னும் அமைதி வேண்டுமென்றால் ஜோடிகளைப் பக்கவாட்டில் அடுக்குங்கள். நான்கு ஜோடிகள் இணையாக நின்றால் சத்தம் பாதி. உள்ளீட்டுக் கெபாசிட்டன்ஸ் நான்கு மடங்காகும் என்பதையும் மறக்க வேண்டாம்.

டிரெயினுக்கு மேலே இன்னொரு டிரான்சிஸ்டரை நிறுத்தி ஜேஃபெட்டின் டிரெயின் மின்னழுத்தத்தைத் தாழ்வாகப் பிடித்து வைப்பதைப் பல சுற்றுகளில் பார்க்கலாம். அதற்குப் பெயர் கேஸ்கோடு. டிரெயினுக்கும் கேட்டுக்கும் இடையே வோல்ட் ஏற ஏறக் கேட் கசிவு திடீரென்று பலமடங்கு கூடும். கேஸ்கோடு அதை அடக்கி வைக்கிறது.

படி 4: பின்னூட்ட ரெசிஸ்டரில் சறுக்காதீர்கள்

990-க்கு 10 என்று ஏன் எடுத்தோம்? 99 கிலோ ஓமுக்கு 1 கிலோ ஓம் போட்டாலும் கெயின் அதே 100தானே? கெயின் அதேதான், சத்தம் வேறு. வலது கேட்டில் உட்கார்ந்திருக்கும் அந்தச் சின்ன ரெசிஸ்டரின் சத்தம் நேராக உள்ளீட்டில் விழுகிறது. 10 ஓம் போட்டால் அதன் 0.4 நானோவோல்ட் சேர்ந்து மொத்தம் 1.37. 100 ஓம் போட்டால் 1.84. 1 கிலோ ஓம் போட்டால் 4.3. தேடித் தேடி வாங்கிய ஜேஃபெட்டை ஒரு ரூபாய் ரெசிஸ்டர் மூன்று மடங்கு சத்தமாக்கிவிடுகிறது. வரைபடத்தில் இந்தப் பிழை கண்ணுக்கே தெரியாது, அதுதான் தொல்லை.

10 ஓமுக்கும் ஒரு விலை உண்டு. வெளியீடு 10 வோல்ட் போகும்போது ஆப்-ஆம்ப் 10 மில்லிஆம்பியர் தள்ள வேண்டும். பெரும்பாலான ஆப்-ஆம்ப்கள் தாங்கும்.

நிலைத்தன்மையையும் பார்த்துவிடுவோம். ஆப்-ஆம்பின் முன்னால் 20 மடங்கு கெயினைச் சேர்த்துவிட்டோம். ஓபி27-இன் கெயின்-பட்டை பெருக்கம் (கெயினையும் அது எட்டும் பட்டை அகலத்தையும் பெருக்கிய எண்) 8 மெகாஹெர்ட்ஸ் என்றால் ஜோடியோடு சேர்ந்து அது 160 ஆகிறது. பின்னூட்டத்தோடு கிடைக்கும் கெயின் 100 இருக்கும் வரை 1.6 மெகாஹெர்ட்ஸில் அமைதியாக அடங்கிவிடும். யாராவது கெயினை 10-க்குக் குறைத்தால் 16 மெகாஹெர்ட்ஸ் வரை இழுக்கும், சுற்று ஊளையிட ஆரம்பிக்கலாம். குறைந்த கெயின் வேண்டுமென்றால் ஊளையைத் தடுக்க ஆப்-ஆம்பில் போடும் ஈடுசெய்யும் கெபாசிட்டரைக் கூடவே மாற்றுங்கள். இல்லாவிட்டால் முதல் நிலையின் கெயினைத் தொடாமல் பின்னால் குறையுங்கள்.

படி 5: வாசற்கதவு

கேட்டை அந்தரத்தில் விட முடியாது. கசிவு மின்னோட்டம் போக ஒரு பாதை வேண்டும். அதற்காகக் கேட்டிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு பெரிய ரெசிஸ்டர். எஸ்ஆர்560-இல் உள்ளீட்டு மின்தடை 100 மெகா ஓம்.

இங்கே பலருக்கு ஒரு குழப்பம். பெரிய ரெசிஸ்டர் பெரிய சத்தம் போடும் என்று இப்போதுதானே படித்தோம்? 100 மெகா ஓம் என்றால் 1,300 நானோவோல்ட் ஆகுமே! ஆகும், சென்சாரே இணைக்காவிட்டால். சென்சார் இணைந்ததும் அது ரெசிஸ்டருக்கு இணையாக வந்துவிடுகிறது. அப்போது ரெசிஸ்டரை மின்னோட்ட இரைச்சலாகப் பார்க்க வேண்டும், மின்னோட்ட இரைச்சலோ மின்தடை கூடக் கூடக் குறையும். 1 மெகா ஓமுக்கு 129 ஃபெம்டோஆம்பியர், 100 மெகா ஓமுக்கு 13 மட்டுமே.

இதன் வீரியம் கெபாசிட்டர் வழியே சிக்னலை எடுக்கும்போது தெரியும். 1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் 10 ஹெர்ட்ஸில் 16 கிலோ ஓம்போல நிற்கும். 1 மெகா ஓம் ரெசிஸ்டரின் சத்தம் அதன்மேல் 2 நானோவோல்ட்டாக விழும், நம் மொத்த ப்ரீஆம்பைவிட அதிகம். 100 மெகா ஓம் போட்டால் 0.2. பெரிய ரெசிஸ்டரே அமைதி. தொல்லை ஒன்றுதான்: கெபாசிட்டர் நிரம்பி நிலைகொள்ள 100 விநாடி வீதம் பல மடங்கு காத்திருக்க வேண்டும். காபி குடித்துவிட்டு வரலாம்.

பாதுகாப்புக்காக உள்ளீட்டில் தொடராக 100 ஓம் போடும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், அதுவே 1.3 நானோவோல்ட். டயோடுகளால் கவ்விப் பிடிப்பதென்றால் கசிவு மிகக் குறைந்தவையாகப் பாருங்கள். டயோடாக இணைத்த சிறு ஜேஃபெட் நன்றாக வேலை செய்யும்.

படி 6: சப்ளையும் கட்டுமானமும்

எல்எம்317 ரெகுலேட்டரின் இரைச்சல் வெளியீட்டில் 0.003 சதவீதம், 10 ஹெர்ட்ஸிலிருந்து 10 கிலோஹெர்ட்ஸ் வரை. 15 வோல்ட்டுக்கு 450 மைக்ரோவோல்ட். நானோவோல்ட் எண்ணும் வீட்டுக்குப் பக்கத்தில் லாரி ஷெட் மாதிரி. ஜோடி சமச்சீராக இருப்பதால் பெரும்பகுதி ரத்தாகும், முழுக்க ஆகாது. 47 ஓமும் 1,000 மைக்ரோஃபாரட்டும் சேர்ந்த வடிகட்டி 3.4 ஹெர்ட்ஸுக்கு மேல் அதை அடக்க ஆரம்பிக்கும். அதைவிட எளிது பேட்டரி. எஸ்ஆர்560-க்குள் ஈய-அமில பேட்டரிகள் இருப்பது இதற்காகவும், கிரவுண்ட் லூப்பை (கிரவுண்ட் கம்பிகள் வளையமாகி ஹம்மை உள்ளே கொண்டுவருவதை) வெட்டுவதற்காகவும்தான். அந்தப் பெட்டியில் எனக்கு மிகவும் பிடித்த தந்திரம் இன்னொன்று: உள்ளே இருக்கும் மைக்ரோபிராசசரின் கடிகாரம் சதா ஓடாது. நீங்கள் பட்டனை அழுத்தி அமைப்பை மாற்றும் அந்தக் கணம் மட்டும் விழித்து, வேலையை முடித்து, மறுபடி நின்றுவிடும். டிஜிட்டல் சத்தம் பிறக்கவே வழியில்லை.

பின்னால் வரும் வடிகட்டிகளுக்கும் கெயின் நிலைகளுக்கும் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒன்று மட்டும்: எல்லாக் கெயினையும் வடிகட்டிக்கு முன்னால் வைக்காதீர்கள். 10 மில்லிவோல்ட் கரண்ட் ஹம் (மின்சார லைனிலிருந்து வரும் முனகல்) உள்ளே வந்தால் 100 மடங்கில் 1 வோல்ட், 10,000 மடங்கில் சுற்று கூரையில் முட்டிக்கொண்டு நிற்கும். முதலில் கொஞ்சம் பெருக்கி, வடிகட்டி, பிறகு மீதியைப் பெருக்க வேண்டும்.

கட்டும்போது ரெசிஸ்டர் மெட்டல் ஃபிலிமாக இருக்கட்டும். பழைய கார்பன் வகையில் மின்னோட்டம் ஓடினால் தாழ் அதிர்வெண்ணில் கூடுதல் சத்தம் கிளம்பும். சிக்னல் பாதையில் எக்ஸ்7ஆர் செராமிக் கெபாசிட்டர் வேண்டாம். சந்தேகமிருந்தால் ஒரு பென்சிலால் மெதுவாகத் தட்டிப் பாருங்கள், ஆசிலோஸ்கோப் திரையில் அலை துள்ளும். அழுத்தினால் மின்னழுத்தம் தரும் பொருள் அது, மைக் மாதிரியே வேலை செய்கிறது. ஃபிலிம் கெபாசிட்டர் போடுங்கள். கடைசியாக, முதல் நிலைக்கு மேல் ஒரு மூடி போடுங்கள். இரு வேறு உலோகங்கள் சேரும் ஒவ்வோர் இடமும் ஒரு குட்டித் தெர்மோகப்பிள், காற்று வீசினால் அந்த மின்னழுத்தம் அசையும்.

படி 7: அளந்து பாருங்கள்

உள்ளீட்டைக் குட்டையான கம்பியால் ஷார்ட் செய்யுங்கள். மொத்தக் கெயின் 10,000, மேல் வெட்டு 100 கிலோஹெர்ட்ஸ், ஒற்றைப் படி வடிகட்டி. நம் 1.37 நானோவோல்ட் வெளியீட்டில் சுமார் 5.4 மில்லிவோல்ட் ஆர்எம்எஸ் ஆகத் தெரிய வேண்டும். ஸ்கோப்பில் 36 மில்லிவோல்ட் தடிமனுள்ள புல்தரை மாதிரி இருக்கும். பிறகு ஷார்ட்டை எடுத்துவிட்டு 1 கிலோ ஓம் ரெசிஸ்டரை, உலோகப் பெட்டிக்குள் வைத்து, இணையுங்கள். ஸ்பெக்ட்ரத்தில் தட்டையான பகுதி 4.3 நானோவோல்ட்டுக்கு ஏற வேண்டும். ஏறினால் கெயினும் பட்டை அகலமும் சரி, உங்கள் கணக்கும் சரி. ஜான்சன் இரைச்சல் விலையில்லாத அளவுகோல், தவறுவதில்லை.

தாழ் அதிர்வெண் பக்கம் வரைகோடு மேலே ஏறுவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஜேஃபெட்டின் 1/எஃப் இரைச்சல் அது. முடிந்தால் சிக்னலையே 1 கிலோஹெர்ட்ஸுக்கு நகர்த்தி அந்த ஓர் அதிர்வெண்ணை மட்டும் பொறுக்கி எடுக்கும் லாக்-இன் ஆம்ப்ளிஃபையரில் எடுங்கள்.

ஷார்ட் செய்திருந்தபோது ஒழுங்காக இருந்த என் முதல் ப்ரீஆம்ப், சென்சாரை இணைத்ததும் 100 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும் வேலிக்கம்பி போல வரிசையாக நிற்கும் ஸ்பெக்ட்ரத்தைக் காட்டியது. ஜேஃபெட்டை மாற்றினேன். ஷீல்டு கம்பியை மாற்றினேன். இரண்டு சனி, ஞாயிறு போயிற்று. மூன்றாவது வாரம் அறைக்கு வந்த நண்பர் குளிருகிறது என்று ஃபேனை அணைத்தார், வேலி மொத்தமாக மறைந்துவிட்டது. சுவரிலிருந்த எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் ஒவ்வோர் அரைச் சுழற்சியிலும் கரண்ட்டை வெட்டிக்கொண்டிருந்திருக்கிறது, சென்சாரின் கம்பி அதை ஆன்டெனா போலப் பிடித்திருக்கிறது. இப்போதெல்லாம் அளவு எடுக்கும் பத்து நிமிடமும் ஃபேன் ஓடாது. பக்கத்திலேயே ஒரு துண்டு வைத்திருக்கிறேன், வியர்வை சுற்றில் சொட்டாமல் இருக்க.